மஞ்சப்பை வீட்டில், கவர் கையில்: பசுமையாக வாழ நினைக்கும் மனசு கவுன்ட்டரில் ஏன் தடுமாறுகிறது?

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் இதே போன்ற ஒரு தடை நடைமுறைக்கு வந்தது. பள்ளிக்கூட ஓவியப்போட்டி முதல் பஸ் பின்னால் ஒட்டும் விளம்பரம் வரை எல்லா இடத்திலும் பிரசாரம் நடந்தாயிற்று. பிளாஸ்டிக் பை கெடுதல் என்று தெரியாத ஒருவரை இன்று தேடிக் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

ஆனால், சாயங்காலம் ஏழரை மணிக்கு ஆபீஸ் முடித்து வரும் வழியில் பைக்கை நிறுத்திவிட்டு, “அரைக் கிலோ தக்காளி... ஒரு கவர்ல போட்டுக் குடுங்கண்ணே” என்று கேட்கும் குரல் ஓயவில்லை. கேட்பவர் கெட்டவர் இல்லை. அவர் வீட்டில் நாலைந்து துணிப்பைகள் மடித்து வைத்தபடியேதான் இருக்கின்றன.

இதைப் பார்க்கும் அதிகாரிகளும் ஆர்வலர்களும் சொல்லும் வழக்கமான காரணம்: “மக்களிடம் விழிப்புணர்வு போதவில்லை.” உடனே இன்னொரு பேரணி, இன்னொரு உறுதிமொழி, இன்னொரு செல்ஃபி பாயின்ட். கடந்த நாற்பது ஆண்டு உளவியல் ஆய்வுகளைப் புரட்டினால், நோயைக் கண்டுபிடித்ததிலேயே பிசகு இருப்பது தெரியும். விழிப்புணர்வு ஏற்கெனவே இருக்கிறது. முடிவு எடுக்கப்படும் அந்த ஒரு நிமிடம்தான் யார் கவனத்திலும் இல்லை.

தெரியும், ஆனால் செய்வதில்லை: இது என்ன இடைவெளி?

சுற்றுச்சூழல் மீது அக்கறை இருக்கிறதா என்று சர்வேயில் கேட்டால் பெரும்பாலானோர் ‘ஆமாம்’ என்பார்கள். அதே ஆட்களின் ஷாப்பிங் பையைத் திறந்து பார்த்தால் அந்த அக்கறையின் அடையாளம் குறைவாகவே தெரியும். எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவில் உள்ள இந்தப் பள்ளம் உளவியலில் பல ஆண்டுகளாக ஆராயப்படும் விஷயம்.

முதல் காரணம் ரொம்பச் சாதாரணமானது: பழக்கம். அமெரிக்க உளவியலாளர் வெண்டி வுட், ஆய்வில் பங்கேற்றவர்களிடம் மணிக்கு ஒருமுறை ‘இப்போது என்ன செய்கிறீர்கள், என்ன யோசிக்கிறீர்கள்’ என்று குறித்துவைக்கச் சொன்னார். அன்றாடச் செயல்களில் சுமார் 43% பழக்கத்தின் பேரில், மனம் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருக்கும்போதே நடப்பவை என்பது அவர் தரும் கணக்கு. பல் தேய்ப்பது மாதிரி, செருப்பு மாட்டுவது மாதிரி, கவர் வாங்குவதும் அப்படியே நடந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கொள்கை, லட்சியம், கடல் ஆமை எதுவும் நினைவுக்கு வராது.

இரண்டாவது, எண்ணம் பிறக்கும் இடமும் முடிவு நடக்கும் இடமும் வேறு வேறு. ‘இனி பிளாஸ்டிக் வேண்டாம்’ என்ற எண்ணம் ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடியோ பார்க்கும்போது சோபாவில் பிறக்கிறது. முடிவோ வியாழக்கிழமை, பசியோடு, பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கும்போது எடுக்கப்படுகிறது. சோபாவில் இருந்த மனிதர் வேறு, வரிசையில் நிற்கும் மனிதர் வேறு.

இதற்கு ஜெர்மனியைச் சேர்ந்த உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் முன்வைத்த மருந்து எளிமையானது. ‘இனி துணிப்பை எடுத்துப்போவேன்’ என்று பொதுவாகத் தீர்மானம் எடுப்பதைவிட, ‘பைக் சாவியை எடுக்கும்போது, சாவிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் பையையும் எடுப்பேன்’ என்று எப்போது, எங்கே, எப்படி என்பதைச் சேர்த்து முடிவெடுத்தால் அது நடப்பதற்கான வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது. மன உறுதியை நம்பாமல் ஆணியில் மாட்டிய பையை நம்பும் வழி இது.

5 சென்ட் சொன்ன பாடம்

கடைகளில் பை விஷயத்தில் இரண்டு உத்திகள் உண்டு. ஒன்று, பை கொண்டுவந்தால் தள்ளுபடி. இன்னொன்று, பை கேட்டால் கட்டணம். கணக்குப்படி இரண்டும் ஒன்றுதான். கொண்டுவந்தவருக்கும் வராதவருக்கும் இருக்கும் வித்தியாசம் அதே காசு.

மனசுக்கு அது ஒன்றாகத் தெரிவதில்லை. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் வட்டாரத்தில் பொருளாதார ஆய்வாளர் டாட்டியானா ஹோமனாஃப் இதைக் கடைவாசலில் நின்றே அளந்தார். சொந்தப் பை கொண்டுவந்தால் 5 சென்ட் போனஸ் என்று கடைகள் தந்தபோது வாடிக்கையாளர் நடத்தையில் கிட்டத்தட்ட மாற்றமே இல்லை. அதே 5 சென்ட் பைக்கு வரியாக விதிக்கப்பட்டதும், ஒருமுறைப் பைகளை வாங்குவோரின் பங்கு 40 சதவீதப் புள்ளிகளுக்கும் மேல் குறைந்தது. தொகை ஒன்றுதான், விளைவுதான் நேரெதிர்.

டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி ஆகியோர் 1979-ல் விளக்கிய ‘இழப்பு வெறுப்பு’ இதன் அடிப்படை. பத்து ரூபாய் கிடைக்கும் சந்தோஷத்தைவிட, பத்து ரூபாய் போகும் வலி பெரிது. நம்ம ஊரில் இதற்கு ஆய்வறிக்கை தேவையில்லை. ஆட்டோவில் பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்த வருத்தம் ராத்திரி வரை இருக்கும். எங்கோ பத்து ரூபாய் மிச்சமானது அடுத்த தெருவிலேயே மறந்துபோகும்.

அயர்லாந்து 2002-ல் ஒரு பிளாஸ்டிக் பைக்கு 15 சென்ட் வரி விதித்தது. பைப் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. இங்கிலாந்தில் 2015 அக்டோபரில் பெரிய கடைகளில் ஒரு பைக்கு 5 பென்ஸ் கட்டணம் வந்தது. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் அந்தப் பைகளின் விற்பனை 95 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாக அந்நாட்டு அரசு கணக்குச் சொல்கிறது. அந்த 5 பென்ஸ் யாரையும் ஏழையாக்கவில்லை. ‘பை வேணுமா?’ என்ற கேள்வியை கவுன்ட்டரில் கேட்க வைத்தது, அவ்வளவுதான். கேள்வி வந்ததும், பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த மூளை ஒரு நொடி நின்று யோசித்தது.

இதைத் தமிழ்நாட்டு ஹோட்டல்களின் பார்சல் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பல இடங்களில் பார்சலுக்குத் தனிக் காசு வாங்குகிறார்கள். ஆனால், தூக்குச்சட்டி கொண்டுபோனாலும் அந்தக் காசு பில்லில் ஏறிவிடும் என்றால், சட்டியைத் தூக்கிக்கொண்டு யார் போவார்கள்? கட்டணம் இருக்கிறது, ஆனால் அது எதையும் உணர்த்துவதில்லை.

பத்து ரூபாய் பாட்டில் பாடம்

இந்த உளவியல் தமிழ்நாட்டிலேயே வேலை செய்து காட்டிய ஒரு இடம் உண்டு. யாரும் எதிர்பார்க்காத இடம் அது: டாஸ்மாக்.

நீலகிரி மலைக்காடுகளிலும் சாலையோரங்களிலும் வீசப்படும் காலி மது பாட்டில்கள் உடைந்து யானை உள்ளிட்ட விலங்குகளின் கால்களைக் கிழிப்பது பெரிய பிரச்சினையானது. வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலில், 2022 மே மாதம் அந்த மாவட்டத்தில் காலி பாட்டில் திரும்பப் பெறும் திட்டம் தொடங்கியது. பாட்டில் வாங்கும்போது 10 ரூபாய் கூடுதல். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாய் கைக்கு வரும். விற்ற பாட்டில்களில் பெரும்பாலானவை கடைக்கே திரும்பி வர, திட்டம் பிற மாவட்டங்களுக்கும் படிப்படியாக விரிந்தது.

இதற்காக எந்தக் ‘குடிமகனும்’ சூழலியல் வகுப்புக்குப் போகவில்லை. யானை மேல் திடீர்ப் பாசமும் வரவில்லை. காலி பாட்டில் என்பது குப்பையாக இருந்தது; இப்போது அது 10 ரூபாய். தூக்கி எறிந்தால் எறிவது தன் காசு. வாங்கியவருக்குக் குனிந்து எடுக்க மனமில்லை என்றாலும், வேறு யாராவது எடுத்துவந்து கொடுத்துவிடுவார்கள்.

திட்டத்துக்கு வேறொரு பக்கமும் உண்டு. பாட்டில்களை வாங்கி, எண்ணி, அடுக்கி வைக்க ஆளும் இல்லை, இடமும் இல்லை என்று கடை ஊழியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நியாயமான புகார்தான். வாடிக்கையாளர் மனசைச் சரியாகக் கணித்த திட்டம், கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவரின் முதுகையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

புதுசு மாதிரித் தெரியும் இந்த ஏற்பாடு, இந்த ஊருக்குப் பழசு. கண்ணாடி பாட்டிலில் கலர், சோடா வாங்கிய காலத்தில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுக்காமல் யாரும் கடையை விட்டு நகர முடியாது. எண்ணெய் வாங்கப் பாத்திரம் கொண்டுபோவதும் அப்படித்தான். அன்றைய மக்கள் இன்றைய மக்களைவிட இயற்கையை அதிகம் நேசித்தார்கள் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அன்றைய கடை அப்படி அமைந்திருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்கிறார்?

பெரும்பாலானோர் ஒப்புக்கொள்ள விரும்பாத ஒரு உண்மை இது. மனிதர்கள் முடிவெடுக்கும்போது அதிகம் பார்ப்பது அடுத்தவரைத்தான்.

ஹோட்டல் அறைகளில் ‘சுற்றுச்சூழலைக் காக்க, துண்டை மறுபடியும் பயன்படுத்துங்கள்’ என்ற அட்டையைப் பலரும் பார்த்திருப்பார்கள். நோவா கோல்ட்ஸ்டீன், ராபர்ட் சியால்டினி, விளாடாஸ் கிரிஸ்கெவிசியஸ் ஆகியோர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த வழக்கமான அட்டை இருந்த அறைகளில் சுமார் 35% விருந்தினர்கள் துண்டை மறுபடி பயன்படுத்தினார்கள். ‘இங்கே தங்குபவர்களில் பெரும்பாலானோர் துண்டை மறுபடி பயன்படுத்துகிறார்கள்’ என்று வாசகத்தை மாற்றியதும் அது 44% ஆனது. அடுத்த சோதனையில் ‘இதே அறையில் தங்கியவர்கள்’ என்று எழுதியபோது இன்னும் கூடி 49 சதவீதத்தைத் தொட்டது. முன்பின் தெரியாத யாரோ ஒருவர் அதே அறையில் தூங்கினார் என்பதைத் தவிர வேறு எந்த உறவும் இல்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸ் நகரில் நடந்த இன்னொரு ஆய்வு இதைவிடச் சுவாரசியமானது. மின்சாரத்தை மிச்சப்படுத்தச் சொல்லி வீட்டுக் கதவுகளில் வெவ்வேறு அட்டைகளைத் தொங்கவிட்டார்கள். பூமிக்கு நல்லது, சமூகத்துக்கு நல்லது, காசு மிச்சம், அக்கம்பக்கத்தார் செய்கிறார்கள் என ஒவ்வொன்றிலும் ஒரு காரணம். மின்சாரப் பயன்பாட்டை அதிகம் குறைத்தது அக்கம்பக்கத்தார் அட்டைதான். ஆனால், ‘உங்களை எது பாதிக்கும்?’ என்று நேரில் கேட்டபோது அக்கம்பக்கத்தார் காரணத்தை மக்கள் கடைசி இடத்துக்குத் தள்ளினார்கள். தங்களை இயக்குவது எது என்பது அவர்களுக்கே தெரியவில்லை.

இந்த ஆயுதம் திருப்பியும் அடிக்கும். அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவில் கல்லாகிப்போன பழங்கால மரத்துண்டுகளைப் பார்வையாளர்கள் திருடிச் செல்வது தொல்லையாக இருந்தது. ‘முன்பு வந்த பலர் மரத்துண்டுகளை எடுத்துச் சென்றதால் காடு சிதைந்துவிட்டது’ என்ற பலகை வைத்த இடத்தில், அடையாளமிட்டு வைத்த துண்டுகளில் சுமார் 8% காணாமல் போனது. ‘தயவுசெய்து எடுக்காதீர்கள்’ என்று மட்டும் இருந்த இடத்தில் அது 2 சதவீதத்துக்கும் கீழே. ‘எல்லாரும் எடுக்கிறார்கள்’ என்ற புலம்பல், ‘எல்லாரும்தான் எடுக்கிறார்களே’ என்ற அனுமதியாக மாறிவிட்டது.

‘தடையை யாரும் மதிப்பதில்லை’, ‘எங்கு பார்த்தாலும் பிளாஸ்டிக் மயம்’ என்று தலைப்பு போடும் ஊடகங்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. தகவல் சரியாகவே இருக்கலாம். படிப்பவர் மனதில் அது விதைப்பது, ‘அப்போ நான் மட்டும் ஏன் பையைத் தூக்கிக்கொண்டு அலையணும்?’ என்ற கேள்வியை. விதிமீறலைச் செய்தியாக்குவது கடமை. கூடவே, துணிப்பையோடு வருகிறவர்களும் அதே சந்தையில் இருக்கிறார்கள் என்பதைக் காட்டுவதும் செய்திதான்.

மஞ்சப்பைக்கு வந்த அவமானம்

பிளாஸ்டிக் வந்ததால் மஞ்சப்பை போய்விட்டது என்று சொல்வது பாதிக் கதை. மீதிக் கதை கௌரவம்.

கல்யாண வீட்டில் தேங்காய், வெற்றிலை பாக்கு போட்டு மணமக்கள் பெயர் அச்சிட்டுக் கொடுத்த பை அது. ஜவுளிக்கடைகளின் நடமாடும் விளம்பரமும் அதுவே. மங்கல நிறம், உறுதியான துணி, வருஷக்கணக்கில் உழைக்கும். காலப்போக்கில் அதே பை ‘பட்டிக்காட்டான்’ என்பதன் அடையாளமானது. சினிமாவில் மஞ்சப்பையோடு சென்ட்ரலில் இறங்குபவர் என்றாலே ஊர் ஏமாற்றப்போகும் அப்பாவி என்று பார்வையாளருக்குப் புரிந்துவிடும். ‘மஞ்சப்பையைத் தூக்கிட்டு வந்துட்டான்’ என்பது வசவானது. அந்தப் பை ஒருவர் கையிலிருந்து நழுவக் காரணம் பிளாஸ்டிக்கின் வசதி மட்டும் இல்லை. கேலிக்கு ஆளாகும் பயமும்தான்.

பசுமைப் பொருட்களுக்கும் கௌரவத்துக்கும் உள்ள உறவை கிரிஸ்கெவிசியஸ் குழு 2010-ல் ஆராய்ந்தது. அந்தஸ்து பற்றிய எண்ணத்தை மனதில் தூண்டிவிட்டபோது மக்கள் பசுமைப் பொருட்களை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் இரண்டு நிபந்தனைகள்: பிறர் பார்க்க வாங்க வேண்டும், அந்தப் பொருள் சாதாரணப் பொருளைவிட விலை அதிகமாக இருக்க வேண்டும். விலை குறைந்த பசுமைப் பொருளுக்கு அந்த ஈர்ப்பு வரவில்லை. ‘வசதி இல்லாததால் வாங்குகிறான்’ என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே!

ஆங்கில வாசகம் அச்சடித்த டோட் பேக்கை நூற்றுக்கணக்கில் விலை கொடுத்து வாங்கித் தோளில் மாட்டும் இளைஞர், அம்மா நீட்டும் மஞ்சப்பையை வாங்கத் தயங்குவதன் ரகசியம் இதுதான். இரண்டும் துணிப்பைதான். ஒன்று ‘தேர்ந்தெடுத்தேன்’ என்கிறது, இன்னொன்று ‘வேறு வழியில்லை’ என்கிறது.

அந்த வகையில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று பெயர் வைத்ததே ஒரு நல்ல உளவியல் முடிவு. வசவாக இருந்த சொல்லை இயக்கத்தின் பெயராக்கி, அதன்மேல் படிந்த அவமானத்தைத் துடைக்கப் பார்த்தது. சந்தைகளில் 10 ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரங்களும் வந்தன. பை மறந்துபோகும் இடத்திலேயே பை கிடைக்கச் செய்வது சரியான திசை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. துணிப்பை, வாங்கியவுடனே பசுமையாகிவிடாது. பருத்தி விளைவிக்கத் தண்ணீர், உரம், மின்சாரம் எல்லாம் செலவாகும். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமையின் 2011 ஆய்வுப்படி, புவி வெப்பமாதல் கணக்கில் மட்டும் பார்த்தால், மறுபயன்பாடு இல்லாத ஒரு சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாக ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும். குப்பை, கால்வாய் அடைப்பு, மாட்டின் வயிறு ஆகியவை இந்தக் கணக்கில் இல்லை. அவற்றைச் சேர்த்தால் துணிப்பையின் பக்கம் நியாயம் கூடும். இருந்தாலும், ஒவ்வொரு கருத்தரங்கிலும் ஒரு துணிப்பை, ஒவ்வொரு தடவை மறந்தபோதும் புதுசாக ஒரு துணிப்பை என்று வீட்டில் முப்பது சேர்ந்தால் அது சேமிப்பு இல்லை. இருப்பதிலேயே நல்ல பை, ஏற்கெனவே வீட்டில் கிடக்கும் பைதான்.

‘அதான் பை கொண்டு வந்தேனே!’

நல்லது செய்த மனசு உடனே ஒரு சலுகை கேட்கும். காலையில் வாக்கிங் போனதால் மதியம் இரண்டு வடை கூடுதல் என்பது மாதிரி. உளவியலில் இதற்கு ‘தார்மிக உரிமம்’ என்று பெயர்.

உமா கர்மார்க்கர், பிரயன் பாலிங்கர் ஆகியோர் கலிஃபோர்னியாவில் ஒரு பல்பொருள் கடையின் பரிவர்த்தனைகளை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்ட கட்டுரையில், சொந்தப் பை கொண்டுவந்தவர்கள் இயற்கை விளைபொருட்களை அதிகம் வாங்கினார்கள் என்று கண்டார்கள். கூடவே சிப்ஸ், ஐஸ்க்ரீம் வகையறாவும் அவர்கள் வண்டியில் அதிகம் ஏறியது. ‘நல்லது பண்ணிட்டோம்ல’ என்று தனக்குத் தானே தரும் பரிசு.

ஐஸ்க்ரீமோடு நின்றால் பரவாயில்லை. சின்னச் செயல் ஒன்று பெரிய கணக்கை மறைத்துவிடுவதுதான் பிரச்சினை. 2010-ல் ஷாஜீன் அத்தாரி குழு அமெரிக்காவில் 505 பேரிடம், எரிசக்தியை மிச்சப்படுத்தச் சிறந்த வழி எது என்று கேட்டது. பெரும்பாலானோர் லைட்டை அணைப்பது போன்ற வழிகளையே சொன்னார்கள். அதிகப் பலன் தரும், திறன்மிகுந்த சாதனங்களுக்கு மாறுவதைச் சொன்னவர்கள் சிலரே. கண்ணுக்குத் தெரிவதும் கையால் செய்வதும் பெரிதாகத் தோன்றுகிறது. ஸ்டீல் ஸ்ட்ரா வாங்கியவர் ஏசியை 18 டிகிரியில் ஓட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம். ஒரு டிகிரி கூட்டினாலே சுமார் 6% மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு.

எதுவும் செய்யாமலே பசுமையாவது எப்படி?

இவ்வளவு தடைகள் இருந்தால் வழிதான் என்ன? ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பலன் தந்தது ஒரு விஷயம்: ‘டிஃபால்ட்’. அதாவது, ஒருவர் ஒன்றுமே செய்யாமல் விட்டால் எது தானாக நடக்குமோ, அதைப் பசுமையானதாக மாற்றிவைப்பது.

சீனாவின் எலமா என்ற உணவு டெலிவரி செயலி, சில நகரங்களில் ‘ஸ்பூன், சாப்ஸ்டிக் வேண்டாம்’ என்பதை டிஃபால்ட் ஆக்கியது. வேண்டுமென்றால் எத்தனை என்று வாடிக்கையாளரே தேர்வு செய்ய வேண்டும். வேண்டாம் என்றவர்களுக்கு மரம் நடப் பயன்படும் பசுமைப் புள்ளிகளும் கொடுத்தது. 2023-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வின்படி, ஸ்பூன் வேண்டாத ஆர்டர்களின் பங்கு 648% கூடியது. சாப்பாட்டை யாரும் நிறுத்தவில்லை. வீட்டில்தான் ஸ்பூன் இருக்கிறதே!

இந்தியாவில் ஜொமாட்டோ 2021-ல் இதே வழிக்கு வந்தது. ஸ்பூன், டிஷ்யூ வேண்டுமென்றால் கேட்டுப் பெறும்படி மாற்றியது. ஸ்வீடனில் ஒரு பல்கலைக்கழகத்தின் பிரின்டர்களில் இருபக்க அச்சை டிஃபால்ட் ஆக்கியதும் காகிதப் பயன்பாடு சுமார் 15% குறைந்தது. காகிதத்தைச் சேமியுங்கள் என்று கெஞ்சிய வேண்டுகோளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. இந்தியாவில் 2020 ஜனவரி 1 முதல் விற்பனைக்கு வரும் ஸ்டார் ரேட்டிங் ஏசிகளின் தொடக்க அளவு 24 டிகிரியாக இருக்க வேண்டும் என்ற விதியும் இதே தத்துவம்தான். குறைக்க விரும்புபவர் குறைத்துக்கொள்ளலாம். ஆனால், ரிமோட்டைத் தேட வேண்டும்.

யாருடைய உரிமையையும் பறிக்காமல், சோம்பலையே பூமிக்குச் சாதகமாகத் திருப்பிவிடும் ஏற்பாடு இது.

அப்போ தனிமனிதப் பொறுப்பு?

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். எல்லாவற்றையும் மனசின் தலையில் போட்டால், தயாரிக்கும் கம்பெனிகளும் அனுமதிக்கும் அரசுகளும் தப்பித்துவிடாதா?

தப்பித்த வரலாறு உண்டு. ஒவ்வொருவரும் தன் ‘கார்பன் தடம்’ எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் பழக்கத்தை 2000-களின் நடுவில் உலகமெங்கும் பரப்பியதில், எண்ணெய் நிறுவனமான பி.பி.யின் விளம்பரங்களுக்குப் பெரிய பங்கு இருந்தது. எண்ணெய் எடுத்து விற்பவர், வாங்கியவரிடம் ‘உங்கள் தடம் எவ்வளவு?’ என்று கேட்ட வினோதம் அது.

உள்ளூரிலும் பாரம் சமமாக இல்லை. பூக்காரம்மாவும் தள்ளுவண்டிக்காரரும் கவர் வைத்திருந்தால் அபராதம். அவர்கள் கவர் தர மறுத்தால் வாடிக்கையாளர் பக்கத்து வண்டிக்குப் போய்விடுவார். தெருவில் ஒருவர் மட்டும் நல்லவராக இருந்தால் அவருக்குத்தான் நஷ்டம். எல்லாரும் ஒரே நாளில் நிறுத்தினால்தான் யாருக்கும் நஷ்டமில்லை. அதைத் தனிமனித மனசாட்சி செய்ய முடியாது. விதியும், அந்த விதியை உற்பத்தி செய்யும் இடத்திலிருந்தே அமல்படுத்தும் அரசும்தான் செய்ய முடியும்.

வீட்டுக்குள்ளும் ஒரு கேள்வி. துணிப்பையைத் துவைப்பது, காயவைப்பது, குப்பையைப் பிரிப்பது, டிபன் பாக்ஸ் கழுவுவது எல்லாம் யார் வேலை? பல வீடுகளில் ‘நம்ம குடும்பம் பசுமைக் குடும்பம்’ என்ற பெருமை எல்லாருக்கும், வேலை மட்டும் ஒரு பெண்ணுக்கு. உழைப்பைப் பங்கு போடாத பசுமை அதிக நாள் தாங்காது.

எனவே, மனசைப் புரிந்துகொள்வது என்பது பழியை மனசின் மேல் போடுவது ஆகாது. மனசு எப்படி வேலை செய்யும் என்று தெரிந்த பிறகும் அதற்கேற்பக் கடையை, செயலியை, சட்டத்தை அமைக்காதவர்களிடம்தான் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

என்ன செய்யலாம்?

* அரசு: பேரணிக்கும் பதாகைக்கும் போகும் காசில் ஒரு பங்கைக் கவுன்ட்டருக்குக் கொண்டுவரலாம். தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில்களுக்கும் டாஸ்மாக் மாதிரி வைப்புத்தொகை முறையை யோசிக்கலாம், அதற்கான ஆளையும் இடத்தையும் சேர்த்தே. சோதனையைத் தள்ளுவண்டியில் தொடங்காமல் தயாரிக்கும் ஆலையில் தொடங்கலாம்.

* கடைகள், ஹோட்டல்கள், செயலிகள்: பை, ஸ்பூன், சாஸ் பாக்கெட் எல்லாம் கேட்டால் மட்டும். கட்டணம் வாங்கினால் பில்லில் தனி வரியாகக் காட்டி, சொந்தப் பாத்திரம் கொண்டுவந்தவருக்கு அந்த வரியை நீக்க வேண்டும். கடை பெயர் அச்சிட்ட பைக்குக் காசு கேட்டால் வாடிக்கையாளருக்குக் கோபம்தான் வரும். அந்த விளம்பரத்தைத் தவிர்க்கலாம்.

* அலுவலகங்கள்: பிரின்டர் இருபக்கம், ஏசி 24, மீட்டிங்கில் பாட்டிலுக்குப் பதில் ஜக்கும் டம்ளரும். யாரையும் கெஞ்ச வேண்டாம், அமைப்பை மாற்றினால் போதும்.

* வீடுகள்: பை இருக்க வேண்டிய இடம் அலமாரி இல்லை, பைக் சீட்டுக்கு அடியில், ஹேண்ட்பேக்கில், சாவி மாட்டும் ஆணியில். ஏசி, ஃபிரிட்ஜ் மாற்றும் நாளில் எத்தனை ஸ்டார் என்று பார்ப்பது, நூறு ஸ்ட்ராக்களைத் தவிர்ப்பதைவிடப் பெரிய முடிவு.

நல்லவர்கள் மட்டுமே வாழும் ஊரில்தான் பிளாஸ்டிக் ஒழியும் என்றால் அது என்றைக்கும் ஒழியாது. அவசரத்தில் இருப்பவர், மறதிக்காரர், சோம்பேறி, கௌரவம் பார்ப்பவர் எல்லாரும் வாழும் ஊரில்தான் இது நடந்தாக வேண்டும். நீலகிரியில் பத்து ரூபாய்க்காகப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தவரின் மனதில் யானை இல்லாமல் இருந்திருக்கலாம். அந்தப் பாட்டிலில் யானையின் கால் மட்டும் கிழியாது.